எட்டரை மணித் தண்ணீர்

கடல் ஊருக்குள் வந்துபோன பதினோராம் வருஷம், ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, செம்பாத்துறை மெக்கானிக் கஸ்பாரின் மேஜைமேல் கிடந்த பழைய வீடியோ கேம் போர்டு ஒன்று தண்ணீர் விடத் தொடங்கியது. கஸ்பார் முதலில் கூரையைப் பார்த்தான். தகரக் கூரைதான், ஓட்டையும் உண்டுதான், ஆனால் வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. பிறகு பக்கத்தில் இருந்த டீ கிளாஸைப் பார்த்தான், அது காலி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான், உப்புக் கரித்தது. போர்டுக்குக் கரண்டும் கொடுத்திருக்கவில்லை, கழுவிக் காயவைத்தும் நாலு நாளாகிவிட்டது. சரி, கரிக்கிறது என்றால் கரித்துவிட்டுப் போகட்டும் என்று கிழிந்த பனியனால் துடைத்துவிட்டு, ஒரு விசைப்படகுக்காரர் கொடுத்துவிட்டுப்போன வயர்லெஸ் பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். ஒன்பது மணிக்கு அதுவாக நின்றது. மறுநாள் எட்டரைக்கு மறுபடி வந்தது.

இந்தப் போர்டு அவனிடம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கடற்கரையில் சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனிக்காக அஸ்திவாரம் தோண்டியபோது ஏழடி ஆழத்தில் ஆள் உயரப் பெட்டி ஒன்று குப்புறக் கிடந்தது. நாகூர் அன்வர்தீன் பாய் அந்த இடத்தில் அந்தக் காலத்தில் நடத்திய வீடியோ கேம் கடையில் மூன்று மிஷின் இருந்தன. இரண்டைக் கடல் எடுத்துக்கொண்டது, மூன்றாவதை மணல் வைத்துக்கொண்டது. தூக்கி நிறுத்தியதைப் பாய் வந்து பார்த்தார், பெட்டியின் மேலிருந்த மணலைத் துண்டால் தட்டினார், சென்னைக்குப் போகும் சாலையில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் இந்த மாதிரிப் பழைய மிஷின்களை அலங்காரத்துக்கு வாங்குகிறாராம், உள்ளே இருக்கிற போர்டுக்கு உயிர் வருமா பார் தம்பி என்றார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கஸ்பார் பெட்டியின் பின்பக்கம் போனான். பின்கதவுப் பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கடைச் சாவியும் சேர்ந்த அந்தக் கொத்தில் செபஸ்தியார் சுரூபம் பதித்த பித்தளைப் பதக்கம், பச்சை பூத்திருந்தது. அந்தப் பதக்கத்தை வாங்கி மாட்டியவனே அவன்தான். பாய் திரும்புவதற்குள் கொத்தை உருவி மடியில் செருகிக்கொண்டான். தொலைந்துபோய்விட்டது என்று பதினோரு வருஷமாக அவன் சொல்லிவந்த சாவி அது.

அந்த மிஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. பின்கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டால் படம் வராது, திரையில் கோடும் புள்ளியுமாக இரைந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் சூடேறிய பிறகுதான் கோடெல்லாம் கலைந்து, நீலக் கடலும் அதன்மேல் பறக்கிற குட்டி விமானமும் தெரியும். காசு போட்டால் மூன்று உயிர் கொடுக்கும் ஆட்டம். வியாதிக்குக் காரணம் போர்டில் கரண்டு நுழைகிற ஓரத்தில் நிற்கிற கரண்டைச் சீராக்குகிற ஒரே ஒரு கண்டென்சர், நீல நிறம், கட்டைவிரல் நுனி அளவு. உள்ளே ஈரம் வற்றிப்போன கண்டென்சர் அப்படித்தான், குளிரில் வேலை செய்யாது, சூடு ஏறினால் பிழைத்துக்கொள்ளும். கஸ்பார் அதைக் கண்டுபிடித்து, சென்னையிலிருந்து புதுசும் வரவழைத்து, தீப்பெட்டியில் போட்டுத் தன் ரிப்பேர் கடை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான். பாயின் கடை மிஷின்களைப் பார்த்துக்கொள்வதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைச் சாவி வைத்திருப்பதும் அவன்தான். பத்து நிமிஷ வேலை. கிறிஸ்மஸ் கழியட்டும் என்று விட்டான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருநாள் கும்பல் விடிகாலைப் பூசை முடிந்து கடற்கரைக்கு வரும், ஒன்பது மணிக்கெல்லாம் கடையில் மிஷின் தயாராக இருக்கவேண்டும். கஸ்பாருக்கு முந்தின நாள் குடித்தது இறங்கவில்லை, தலை பாறையாகக் கனத்தது. கடையில் காசு வாங்க இருந்த டொமினிக் என்பவன் லீவு நாளில் ஒன்பதுக்கு முன் எழுந்திருக்கிற ரகமில்லை. கஸ்பார் பாயில் படுத்தபடியே மகளைக் கூப்பிட்டான். மெட்டில்டாவுக்குப் பதினாலு வயசு, ஒரே பிள்ளை, கிறிஸ்மஸுக்கு எடுத்த ரோஸ் பாவாடையைக் கட்டி, எட்டரைப் பூசைக்குக் கிளம்பி நின்றாள். அவள் அம்மா பிரகாசி பாட்டுக் குழுவில் இருப்பவள், முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். சாவியை மகள் கையில் கொடுத்து, கடையைத் திறந்து மிஷினைப் போடு, தனியாக விட்டுவிட்டுப் போகாதே, புகைந்தாலும் புகைந்துவிடும், படம் வந்ததும் பூட்டிவிட்டுப் போ என்றான்.

"அப்பா, பூசை தொடங்கிரும்" என்றாள் மெட்டில்டா.

பாதிப் பூசைக்குப் போனால் சாமி அடிக்கமாட்டார் போ என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. கோயில் மேட்டில் இருந்ததால் தண்ணீர் மூன்றாம் படியோடு நின்றது, உள்ளே இருந்தவர்கள் எல்லாம் பிழைத்தார்கள். மேற்கே ரோட்டோரம் இருந்த கஸ்பாரின் வீட்டில் இடுப்பளவு ஏறி வடிந்தது, ரோட்டுக்கு அந்தப்புறம் மேட்டில் இருந்த அவன் ரிப்பேர் கடையைத் தொடவில்லை. பிரகாசி கோயில் தரையில் தன் பக்கத்தில் கைக்குட்டையை விரித்து மகளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். எல்லோரும் எழுந்து அலறி ஓடிய பிறகும் அந்தக் கைக்குட்டையை எடுக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஊரில் முப்பத்தொரு பேரின் உடம்பு கிடைக்கவே இல்லை, மெட்டில்டாவும் அதில் ஒருத்தி. செத்தவர்களை அழுது முடித்த ஊர், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், வேறு வேலை இல்லாமல் யோசிக்க ஆரம்பித்தது. அவள் கடைக்குள் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பூசை நேரத்தில் வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஆம்பிளைப் பயல்கள் ஆடுகிற கடையில் என்ன ஜோலி? பூட்டின கடைக்குச் சாவி எப்படி வந்தது? டொமினிக்கும் அதே கடைவாசலில் செத்துக் கிடந்தானே? ஊர்வாயை மூட உலைமூடி ஏது! நாலு நாளில் கதை கட்டி முடிந்துவிட்டது. வரிசையில் சோற்றுத் தட்டோடு நின்ற கஸ்பாரிடம் கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் மெதுவாகக் கேட்டார், சாவி உன்கிட்டதானே இருக்கும் கஸ்பாரு என்று. பக்கத்தில் பிரகாசி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தான், பயந்துபோனான். "தொலைஞ்சுபோச்சு" என்றான். அந்த ஒரு வார்த்தைதான், மகளை அவன் அனுப்பவில்லை என்று ஊர் முடிவு கட்ட அது போதும். அதைத் திருப்பி எடுக்க மறுநாள் முடியும் என்று நினைத்தான், அடுத்த வாரம் முடியும் என்று நினைத்தான், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, குடித்தது பொய்சொன்னது எல்லாம் சாமியாரிடம் சொல்லி, இதை மட்டும் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தான். அதற்குப் பிறகு அவன் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போவதில்லை.

பிரகாசி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பூசையை விட்டுவிட்டுப் போன பாவத்தோடு மகள் செத்தாள், அந்தப் பாவத்தைத் தாய்தான் கழிக்கவேண்டும் என்று முடிவு கட்டினாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும், எட்டரைப் பூசைக்கு முன்னால், கடற்கரைக் குருசடியிலிருந்து கோயில் படி வரைக்கும் மணலில் முழங்காலால் நடந்தாள். சித்திரை வெயிலில் நடந்தாள், கார்த்திகை மழையில் நடந்தாள், காய்ச்சலோடு நடந்தாள். முட்டி இரண்டும் காய்த்து, பிளந்து, ஆறி, மறுபடி பிளந்தன. வீட்டுக்கு வந்ததும் கஸ்பார் தைலத்தைச் சுடவைத்து அவள் முட்டிகளில் தேய்த்துவிடுவான். பதினோரு வருஷம் தேய்த்தான். உங்களுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவன் தைலத்தை மறுபடி சுடவைக்க எழுந்து போனான்.

அப்படிப்பட்டவன் மேஜைக்குத்தான் அந்தப் போர்டு வந்தது. சோப்புத்தண்ணீரில் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தான். கண்ணாடிக் கண் வைத்த ஐ.சி. நாலு உண்டு, ஆட்டம் முழுக்க அதில்தான் எழுதியிருக்கும், வெயில் அந்தக் கண்ணில் பட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், அதனால் அவற்றின்மேல் புதுசாகக் கறுப்பு டேப் ஒட்டினான். அரித்துப்போன கால்களைச் சுரண்டி ஈயம் வைத்தான், அறுந்துபோன பாதைகளைத் தலைமுடி கனத்துக் கம்பியால் இணைத்தான், மீட்டரை வைத்து ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்தான். கண்டென்சர்களை எல்லாம் பிடுங்கிப் புதுசு போட்டான். அந்த நீலத்தை மட்டும் விட்டான். ஏன் விட்டாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தபோது லென்ஸை வைத்து உற்றுப் பார்த்தான். அந்த நீலக் கண்டென்சரின் அடியிலிருந்துதான் ஊறியது. எட்டரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு நிற்கிறது என்பதற்கு அர்த்தம் அவனுக்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அதன் அடியைச் சுற்றி வைத்து மறைத்தான்.

முதலில் பார்த்தவர் அன்வர்தீன் பாய்தான். போர்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வந்தவர், தண்ணீர் மேஜையிலிருந்து சொட்டுவதைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, செத்தவர்களுக்கான பாத்திஹா ஓதினார். ஓட்டல்காரரை வேறே மிஷின் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், இது இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர், போகிற வழியில் மீன் விற்கும் வியாகுலத்திடம் சொன்னார். வியாகுலம் புருஷனைத் தண்ணீருக்குக் கொடுத்து உடம்பும் கிடைக்காதவள், அன்றைக்கு அவளும் அந்தத் தண்ணீரை முழுங்கிப் பிழைத்தவள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து விரலை நனைத்து வாயில் வைத்தாள், கண்ணை மூடினாள், "இது கடல்தண்ணி இல்ல கஸ்பாரு, அன்னைக்கு வந்த தண்ணி" என்றாள். அவள் சொன்னது சரி. அன்றைக்கு வந்த தண்ணீருக்கு ஒரு ருசி இருந்தது, கறுப்புச் சேறும் டீசலும் முறிந்த பனைமட்டையும் கலந்த ருசி, குடித்தவர்கள் யாரும் மறக்கவில்லை. அன்று மதியத்துக்குள் குடித்தவர்கள் எல்லோரும் வந்து விரல் நனைத்துப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் திருநாள் அன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அந்த முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் பதினோரு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், அல்லது மதிற்சுவர் ஓரம் பொதுவாக ஒரு மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு வேகமாகத் திரும்பினார்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீர் போதும் போலிருந்தது. ஆளுக்கொரு டம்ளர் என்று பேச்சில்லாமலே முறை வந்துவிட்டது. எட்டு மணிக்கே கஸ்பாரின் கடைவாசலில் எவர்சில்வர் டம்ளர்களோடு வரிசை நின்றது. சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்கள், எட்டரை அடித்ததும் பேச்சு நின்றுவிடும். ஒருத்தர் அதைப் பாட்டிலில் அடைத்துப் படத்துக்கடியில் வைத்தார், ஒருத்தர் படகின் முனையில் ஊற்றினார், ஒருத்தி ஒன்றும் செய்யத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். வடக்குத் தெருக்காரர்கள் மாரியம்மன் கோயில் வகையறா, கடல் வந்தபிறகு கடலில் தர்ப்பணம் கொடுப்பதை விட்டவர்கள், அந்த வருஷம் மகாளய அமாவாசைக்கு இந்தத் தண்ணீரைத் தாம்பாளத்தில் விட்டு எள் இறைத்தார்கள். அதிகாரி ஒருவர் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்து, இது கடல்நீர் என்று எழுதி அனுப்பினார். இதைச் சொல்ல ஒரு படிப்பு வேறயா என்று ஊர் சிரித்தது. வெளியூர் யாத்திரைக்காரர்கள் வேனில் வந்து இறங்கியபோது மட்டும் கிராமத்தார் கயிறு கட்டி மறித்து, இது எங்க வீட்டுச் சாவு, நீங்க போய் மாதாவைப் பாருங்க என்று திருப்பி அனுப்பினார்கள்.

கஸ்பாரிடம் ஊர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. இதை ரிப்பேர் பண்ணித் தொலைச்சிடாதே என்றார்கள். மெக்கானிக்கிடம் வந்து ரிப்பேர் பண்ணாதே என்று ஊர் கூடிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஞாபகத்தை வைத்திருக்கிற ஐ.சி.யில் இருந்துதான் என்றார்கள். கறுப்பு டேப்பைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெண்கள் அதற்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து வைத்தார்கள். கஸ்பார் பூவை ஒதுக்கிப் பஞ்சை மட்டும் காவல் காத்தான்.

தண்ணீர் ஒரு நாளுக்கு முப்பது டம்ளர் வந்தது. முப்பத்தொரு பேருக்கு முப்பது டம்ளர். வரிசையில் கடைசியாக நின்றவள் பிரகாசி. முதல் நாள் அவள் டம்ளரை நீட்டியபோது நின்றுபோனது, தற்செயல் என்றார்கள். இரண்டாம் நாளும் நின்றது. மூன்றாம் நாள் கஸ்பார் அவளை முன்னால் கூப்பிட்டு முதல் டம்ளரைப் பிடித்துக் கொடுத்தான், அன்று கடைசியில் நின்ற வியாகுலத்துக்கு இல்லாமல் போயிற்று. பிரகாசி தன் டம்ளரை அப்படியே வியாகுலத்தின் டம்ளரில் கவிழ்த்துவிட்டாள். "என் மகளுக்கு இல்லேன்னா இல்லதான், அவ செஞ்சுட்டுப் போனது அப்படி" என்றாள். அதை அவள் அழாமல் சொன்னாள். அதற்குப் பிறகு ஆவணி போய்ப் புரட்டாசியும் போகிற வரைக்கும், தினமும் காலி டம்ளரோடு வரிசையின் கடைசியில் நின்றாள், காலி டம்ளரோடு போனாள். கஸ்பார் கையாலேயே முப்பதையும் நிரப்பிவிட்டு, அவள் முறை வரும்போது நின்றுபோன போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். முப்பத்தொன்றாவது எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பங்குச் சாமியார் இளவயசுக்காரர், இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்க்காதவர். ஆயர் இல்லத்துப் பெரியவர்களைக் கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. கடைசியில் அவரே யோசித்து, இப்படி வருகிற தண்ணீருக்கு என்று செபம் ஏதும் திருச்சபையில் இல்லை, ஆனால் செத்தவர்களை அடக்கம் பண்ணுவது புண்ணியம், அதைத் தடுக்க யாராலும் முடியாது என்று பிரசங்கத்தில் சொன்னார். ஊருக்கு அது போதும். அன்றிலிருந்து டம்ளர் தண்ணீரையெல்லாம் கோயில் மணிக்கூண்டுக்கடியில் வைத்த பெரிய தாழியில் ஊற்றினார்கள். கல்லறைத் திருநாள் அன்று தாழியைப் புதைத்து, மேலே ஒரே கல்லில் முப்பத்தொரு பேரையும் வெட்டிவிடுவது என்று ஆயிற்று. வடக்குத் தெருக்காரர்களும் சரி என்றார்கள், மண்ணுக்கு என்ன சாதி என்றார்கள்.

பேர்ப் பட்டியல் எழுத உபதேசியார் வீடு வீடாக வந்தார். வயசு வரிசைப்படி எழுதிக்கொண்டு வந்தவரிடம் பிரகாசி சொன்னாள், மெட்டில்டா பேரை எல்லாருக்கும் கடைசியில் போடுங்கள், கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்கள், பூசையில இருந்தவங்க வீட்டுப் பேரோட சேர்த்துப் போட்டா அவங்களுக்கு மனசு சங்கடப்படும் என்று. உபதேசியார் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவருக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. கஸ்பார் உள்ளே பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்துக் கல்லைக் கொண்டுவந்து கோயில் வாசலில் சாய்த்து வைத்தார்கள். முப்பது பெயர்கள் வரிசையாக இருந்தன. பிறகு நாலு விரற்கடை வெறும் கல். அதற்குக் கீழே, ஆழமாக வெட்டிய எழுத்தில், க. மெட்டில்டா மட்டும் தனியாக நின்றாள். கஸ்பார் அந்த வெறுங்கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், எட்டரை மணிக்கு, வழக்கம்போல வரிசை நின்றது. கஸ்பார் முப்பது டம்ளரையும் நிரப்பினான். பிரகாசி வந்து நின்றாள். டம்ளரை நீட்டினாள், போர்டு நின்றது. எல்லோரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், அந்த இரண்டு மாதமும் அதுதான் ஊரின் மரியாதை. கஸ்பார் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மெட்டில்டாவை அன்னைக்கு நான்தான் அனுப்புனேன்" என்றான். "பூசைக்குத்தான் கிளம்பி நின்னா. மிஷின் சூடாக அரை மணி ஆகும், போட்டுட்டுக் காவல் இருன்னு நான்தான் சாவியைக் குடுத்தேன். எனக்கு எந்திரிக்க முடியல, குடிச்சிருந்தேன். டொமினிக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

வியாகுலம்தான் கேட்டாள், அது என்ன மிஷின், சூடாக அரை மணி ஆவுறது என்று. கஸ்பார் பஞ்சை எடுத்தான். நீலக் கண்டென்சரைக் காட்டினான், தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்றான், இது கெட்டிருந்தது என்றான்.

"புதுசு கிடைக்கலியா?" என்றாள் வியாகுலம்.

"இந்த இழுப்பறையிலதான் இருந்துச்சு அக்கா. திருநாள் கழிச்சுப் போடலாம்னு இருந்தேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வெளியே போய் நின்றார். பதினோரு வருஷம் வாயில் போட்டு மென்ற கதையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அத்தனை பேரும் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஜை ஓரத்தில் சொட்டும் சத்தம் கேட்டது. கண்டென்சரின் அடியிலிருந்து மறுபடி ஊறியது, மெல்ல, அவசரமில்லாமல். பிரகாசி நீட்டிய டம்ளரைப் பின்னுக்கு இழுக்கவே இல்லை. அது விளிம்பு வரை நிறைந்தது, நின்றது. அவள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயிலுக்கு நடந்து போனாள். ஒரு துளி சிந்தவில்லை என்று பின்னாலேயே போனவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் அடக்கம் நடந்தது. கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது, வேறு கல் வெட்ட நேரமும் இல்லை, அந்த நாலு விரற்கடை இடைவெளி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, போனால் பார்க்கலாம். சாமியார் மட்டும் பெயர்களைக் கீழிருந்து மேலாக வாசித்தார். மெட்டில்டா என்ற பெயர் முதலில் வந்தபோது வியாகுலம் ஓவென்று அழுதாள், அவள் ஆரம்பித்ததும் எல்லோரும் அழுதார்கள், செத்ததற்கு அழுதார்களா தாங்கள் சொன்னதற்கு அழுதார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கஸ்பார் மதிற்சுவருக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் எட்டரைக்கு ஏழெட்டுப் பேர் பழக்க தோஷத்தில் டம்ளரோடு வந்து நின்றார்கள். தண்ணீர் வரவில்லை. ஒன்பது வரை நின்று பார்த்துவிட்டு, இனி வராது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். போர்டு காய்ந்து, ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. கொஞ்ச நாள் கஸ்பாரிடம் யாரும் ரேடியோவோ மிக்ஸியோ கொண்டுவரவில்லை. வீட்டில் பிரகாசி சமைத்தாள், தட்டை வைத்தாள், அவனுக்கு முன்னாலேயே விளக்கை அணைத்துத் திரும்பிப் படுத்தாள். தைலக் கிண்ணம் அடுப்பங்கரையில் எடுப்பார் இல்லாமல் இருந்தது. அவன் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் எழுந்து வேறு வேலைக்குப் போனாள்.

அந்த மாதத்து முதல் சனிக்கிழமை வந்தது. குருசடியில் அவளைக் காணோம் என்று பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகக் கஸ்பாரின் கடைக்கு வந்தாள். அந்தக் கடை வாசற்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். கடிகாரத்தில் எட்டு இருபது.

"மாத்துங்க" என்றாள். "நான் பாக்கணும்."

கஸ்பார் ஈயக்கோலைச் சூடேற்றினான். நீலக் கண்டென்சரின் இரண்டு காலிலும் இருந்த பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சினான், பிடுங்கினான், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், உள்ளே ஒன்றுமில்லை. இழுப்பறையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தான். பதினோரு வருஷத்தில் தீப்பெட்டியின் படம் வெளுத்திருந்தது, உள்ளே காகிதத்தில் சுற்றியது சுற்றியபடி இருந்தது. மீட்டரில் வைத்துப் பார்த்தான், நன்றாகவே இருந்தது. வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துச் செருகி, இரண்டு பொட்டு ஈயம் வைத்து, நீண்ட காலை வெட்டினான். பிரகாசி கண்ணிமைக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயர்களைப் பழைய டிவியில் மாட்டினான். கோயிலில் எட்டரைப் பூசைக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. அவன் சுவிட்சைப் போட்டான்.

சுவிட்சிலிருந்து விரலை எடுப்பதற்குள் படம் வந்துவிட்டது. கோடில்லை, புள்ளியில்லை. நீலக் கடல், அதன்மேல் குட்டி விமானம், மூலையில் மூன்று உயிர்.

"இவ்வளவுதானா?" என்றாள் பிரகாசி.

கோயில் மணி இன்னும் அடித்து முடிந்திருக்கவில்லை.